குளிர் இறங்குவதற்கு முன், ஓசூர் வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூரில் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும், பெண்கள் விடுதியும் பி.ஜி.யும் நடத்துபவர்களுக்கும் வணக்கம். பாத்ரூம் கேஸ் கீசரும் கரியடுப்பும் விடும் விஷ வாயுவைப் பற்றியும், அதற்கும் புகைக்கும் நாம் மாட்ட வேண்டிய அலாரத்தைப் பற்றியும்தான் இந்த மடல்.

நானும் உங்களில் ஒருத்தி. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கட்டிய ஆறு போர்ஷன், கீழே மூன்று, மேலே மூன்று. குடியிருப்பவர்கள் எல்லாரும் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். வாடகையை ஜி.பே.யில் போட்டுவிடுவார்கள், மோட்டார் ஓடவில்லை என்றால் போன் பண்ணுவார்கள், ஊருக்குப் போனால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழியில், விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மாடிப் போர்ஷனில் இருந்த பெண்ணின் மாமியார் என் கதவைத் தட்டினார். பாலக்கோட்டிலிருந்து மருமகளைப் பார்க்க வந்திருந்தவர். மகனுக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். மருமகள் ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பக் குளிக்கப் போனவள். "ஓனரம்மா, தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறா" என்றார்.

என் மகன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான். தாழ்ப்பாள் தெறித்ததும் கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் கதவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தாள். பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சுவரில் கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது. அதன் சின்னக் கண்ணாடி வழியே தெரியும் சுடர் எப்போதும் நீலமாக இருக்கும். அன்றைக்கு மஞ்சளாக இருந்தது. மேலே ஒரு அடிக்கு முக்கால் அடி வென்டிலேட்டர். டி.வி. வந்த பெட்டியின் தெர்மாகோலை அளவாக வெட்டி, டேப் போட்டு ஒட்டி அதை அடைத்திருந்தார்கள்.

அந்தத் தெர்மாகோலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். குழாய் சரிபார்க்கப் போனபோது, "காத்து ஊசியா குத்துது அக்கா, அதான்" என்று அவளே காட்டினாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தக் கீசரை மாட்டியதும் நான்தான். கரன்ட் கீசர் என்றால் தனி ஒயரிங் இழுக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில்லைப் பார்த்துக் குடியிருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். கேஸ் என்றால் ஒரு சிலிண்டர் வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்போம்.

ஆஸ்பத்திரியில் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் 98 காட்டியது. வெறும் வயிற்றில் குளித்திருக்கிறாள், பிரஷர் இறங்கியிருக்கும் என்று டிரிப் போட்டார்கள். அவள் தலை வெடிக்கிறது என்று அழுதாள், இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து டியூட்டி மாறி வந்த டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குளிக்கும்போதா விழுந்தாங்க? கீசர் கேஸா, கரன்டா?" கேஸ் என்றதும் அவர் முகம் மாறியது. முகத்தில் இறுக்கமாக மாஸ்க் வைத்து ஆக்சிஜன் ஆரம்பித்தார்கள். மதியத்துக்குமேல்தான் அவளுக்குத் தலைவலி விட்டது.

காரணம், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரல் கிளிப்பில் ஒளி மட்டும்தான் பாய்கிறது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா இந்த விஷமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் சேர்த்து ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டிவிடும். அதனால்தான் 98. இதற்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் யாராவது சந்தேகப்பட்டால்தான் எடுப்பார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடம்பில் ஏறியதில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். குளியலறையில் யாராவது மயங்கினால் ஆஸ்பத்திரியில் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது "கேஸ் கீசர்" என்ற வார்த்தையைத்தான். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின. சிலிண்டரில் லீக் இல்லை. லீக் என்றால் நாற்றம் வரும், அதற்காகவே சமையல் கேஸில் அந்த நெடியைக் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்று பற்றாமல் நெருப்பு அரைகுறையாக எரியும்போது அது உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாம் கட்டும் பாத்ரூமை அளந்து பாருங்கள். நாலடிக்கு ஆறடி, உயரம் எட்டடி என்றால் 192 கன அடி, அதாவது ஐந்தரைக் கன மீட்டர்கூட முழுதாக வராது. அந்த அறையில் இருக்கும் காற்று மொத்தமும் அரைக் கிலோ கேஸுக்குப் போதாது. அதிலேயேதான் ஆளும் மூச்சுவிட வேண்டும். வென்டிலேட்டரை அடைத்துவிட்டு, முதல் ஆள் குளித்து முடித்ததும் கீசரை அணைக்காமல் அடுத்த ஆள் உள்ளே போனால் என்ன ஆகும்? அவளும் மாமியார் குளித்த கையோடுதான் உள்ளே போயிருக்கிறாள்.

சென்னைக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஜன்னலை எதற்கு அடைக்க வேண்டும் என்பார்கள். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லும் வழக்கம் சும்மா வந்ததில்லை. மார்கழியிலும் தையிலும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் விடியற்காலையில் வாயைத் திறந்தால் ஆவி வரும். மதுரையிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. அடைக்கத்தான் செய்வார்கள். 'அடைக்காதீர்கள்' என்று அட்டையில் எழுதி ஒட்டியும் பார்த்தேன். இரண்டே வாரத்தில் அந்த அட்டையே வென்டிலேட்டரை அடைக்கப் பயன்பட்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாத்ரூம் எவ்வளவு பெரியது, வென்டிலேட்டர் எங்கே, கீசர் எது என்பதையெல்லாம் தீர்மானித்தது நாம்தான். குடியிருப்பவர் ஒரு பெட்டியோடு வந்து அதற்குள் வாழ்கிறார்.

நான் முதலில் செய்தது ஆறு போர்ஷனிலும் கீசரைக் கழற்றி வெளிச்சுவரில், பால்கனிப் பக்கம் மாட்டியதுதான். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வருகிறது. பிளம்பருக்கு ஒரு போர்ஷனுக்கு ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் அலாரம் மட்டும் வாங்கி மாட்டினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. கீசரை வெளியே கொண்டுபோக வழியே இல்லாத வீடு என்றால் கரன்ட் கீசருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம்தான் அலாரம். இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டபோது 'கேஸ் டிடெக்டர்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள், எல்லாக் கேஸையும் பிடிக்கும் என்றார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்ததைப் படித்தால், அது சமையல் கேஸ் லீக்கை மட்டும் பிடிக்கும் கருவி. அதுவும் தேவைதான், ஆனால் அது வேறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும், அதனால் அந்தக் கருவியைத் தரைக்கு அருகில் மாட்ட வேண்டும். புகை மேலே போகும், புகை அலாரத்தின் இடம் கூரை. கார்பன் மோனாக்சைடு காற்றைவிடக் கொஞ்சமே கொஞ்சம் லேசு, காற்றோடு கலந்து அறை முழுக்க நிற்கும். அதற்கான கருவி நாம் மூச்சுவிடும் உயரத்தில், படுக்கை அறையிலோ அதன் வாசலிலோ இருக்கலாம். பெட்டியில் 'கார்பன் மோனாக்சைடு அலாரம்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, ஈ.என். 50291 அல்லது யூ.எல். 2034 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தர எண்ணுக்கு அர்த்தம் உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் அது கத்தியாக வேண்டும்.

பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். ஈரமும் நீராவியும் சென்சாரைக் கெடுத்துவிடும். கதவுக்கு வெளியே மாட்டினால் கதவிடுக்கு வழியாக வருவதை அது பிடிக்கும், வீட்டில் இருப்பவர்களை எழுப்பும். தாழ்ப்பாளையும் மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கும் பூட்டு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. அன்றைக்கு எங்களுக்குக் கடப்பாரை தேடவே ஒரு நிமிஷத்துக்குமேல் ஆனது.

போனோடு பேசும் ஸ்மார்ட் அலாரம் வாங்கலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். எந்த அறையில் என்று சொல்லும், போனுக்குச் செய்தி அனுப்பும், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், ஒன்று கத்தினால் மற்றதும் சேர்ந்து கத்தும். நம்மைப் போல ஒரே கட்டடத்தில் ஆறு குடும்பம் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் வேறு தெருவில் குடியிருக்கும் ஓனருக்கு, இது பெரிய உதவி. தனியாக இருக்கும் பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது நம் போன் அடித்தால் நாம் ஓடலாம். ஆனால் ஒன்று. இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய 'நெஸ்ட் ப்ரொடெக்ட்' 2013இல் வந்தது. கையை ஆட்டினால் சத்தத்தை நிறுத்தும் ஒரு வசதி அதில் இருந்தது. உண்மையான தீயின்போது தற்செயலாகக் கை அசைந்தாலே அலாரம் தள்ளிப்போகலாம் என்று தெரிந்து 2014இல் அந்த நிறுவனமே விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. அந்த நிறுவனத்தின் சொந்தக்காரரான கூகுள், அந்தக் கருவியை இனித் தயாரிக்கப் போவதில்லை என்று 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டது. ஆகவே வை-ஃபை இல்லாவிட்டாலும், ஆப் நின்றுபோனாலும், கரன்ட் போனாலும் தன் பேட்டரியில் தானாகக் கத்தும் கருவியாகப் பாருங்கள். போன் செய்தி அதற்குமேல் கிடைக்கும் வசதி. நான் இரண்டு போர்ஷனில் ஸ்மார்ட் அலாரமும் மற்ற நாலில் சாதாரணமானதும் மாட்டியிருக்கிறேன். சாதாரணமானதே நிம்மதியாகத் தூங்கப் போதுமானது.

சத்தத்துக்கும் ஒரு மொழி இருக்கிறது. மும்மூன்றாக அடித்தால் புகை, நந்நான்காக அடித்தால் கார்பன் மோனாக்சைடு. இதுதான் பொதுவான முறை. வாங்கும் கருவியில் அப்படித்தானா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். என் கீழ்ப் போர்ஷனில் இருக்கும் ஜார்கண்ட் பையன்களுக்கு என் தமிழும் புரியாது, கருவி பேசும் ஆங்கிலமும் புரியாது. டெஸ்ட் பட்டனை அமுக்கி, நாலு விரலைக் காட்டி, எழுந்து வெளியே ஓடுவதுபோல் செய்து காட்டினேன். உடனே புரிந்துகொண்டார்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 108க்குக் கூப்பிட வேண்டும். தீ என்றால் 101. எதுவுமே நினைவுக்கு வராவிட்டால் 112.

அந்த நாலு சத்தம் நிஜமாகவே கேட்டது என் வீட்டுக்குள்ளேதான். போன தை மாதம். என் அம்மா தளிக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர். குளிர் காலத்தில் கணப்புச் சட்டி இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. வாசலில் கரியைப் பற்றவைத்து, விசிறி, புகை முழுக்க அடங்கிக் கங்கு சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவார். "பொக அடங்கிடுச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ணாது" என்பார். சின்ன வயதில் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு நடையில் மாட்டியிருந்த அலாரம் நந்நான்காக அடித்தது. அறைக் கதவைத் திறந்தால் புகையே இல்லை, வாசனை இல்லை, கங்கு மட்டும் சாம்பல் போர்த்திக்கொண்டு மினுங்கியது. அம்மாவைத் தட்டி எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது. வாசல் திண்ணையில் உட்காரவைத்துக் கம்பளி போர்த்திவிட்டு, சட்டியை எடுத்துவந்து முற்றத்தில் தண்ணீர் ஊற்றினேன். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், இந்தத் தடவை கரியடுப்பு என்று நானே முதலில் சொன்னேன்.

அம்மா புகைக்குத்தான் பயந்தார். புகை அடங்கிய கங்குதான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். புகை அலாரம் மட்டும் இருந்திருந்தால் அந்த ராத்திரி அது வாயே திறந்திருக்காது. இது அந்தக் காலத்துக் கூரை வீட்டில் நடக்கவில்லை என்றால் காரணம் இருக்கிறது. ஓட்டிடுக்கிலும் கீற்றிடுக்கிலும் காற்று வந்து போய்க்கொண்டே இருந்தது. நாம் கட்டும் வீட்டில் கான்கிரீட் கூரை, அலுமினிய ஜன்னல், கதவுக்கடியில் ரப்பர் பட்டை.

விடுதி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் கார்பன் மோனாக்சைடைவிடப் புகைதான் பெரிய ஆபத்து. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் விடியற்காலையில் பிரிட்ஜ் வெடித்து, எழுந்த புகையில் மூச்சுத் திணறி இரண்டு பெண்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓசூரில் ஒரு அறையில் நாலு பேர், ஆறு பேர் என்று எத்தனை பெண் பிள்ளைகள் தூங்குகிறார்கள், ஷிப்ட் முடித்து வந்து பகலிலும் தூங்குகிறார்கள். தூங்குகிறவர் மூக்கை நம்ப முடியாது, புகை நாற்றம் எல்லாரையும் எழுப்பிவிடுவதில்லை. தளத்துக்கு ஒரு புகை அலாரம், படுக்கை அறைகளில் ஒவ்வொன்று, எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து அடிக்கும்படி வையுங்கள். சமையலறை வாசலிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி மாட்டுங்கள், சாமி படத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம். மிளகாய் தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும் கத்தினால், மூன்றாம் நாளே யாராவது பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போட்டுவிடுவார்கள். ஒளியைக் கொண்டு புகையைப் பிடிக்கும் வகை தாளிப்புக்கு அவ்வளவாக மிரளாது, கேட்டு வாங்குங்கள். வெளியேறும் படியில் சிலிண்டரும் செருப்பு ரேக்கும் இருந்தால் அலாரம் அடித்தும் பயனில்லை.

இங்கிலாந்தில் இது வாடகைக்கு விடுபவரின் சட்டக் கடமை. தளத்துக்கு ஒரு புகை அலாரம், சமையல் கேஸ் அடுப்பு தவிர எரிபொருள் எரியும் கருவி பொருத்தியிருக்கும் எந்த அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம், குடிவரும் நாளில் அவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு, எல்லாம் ஓனர் தலையில். படித்தபோது எனக்கு நியாயமாகவே பட்டது. இங்கே பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். கிருஷ்ணகிரி ஆட்சியர் அவர்களும் ஓசூர் மாநகராட்சி ஆணையர் அவர்களும் இந்த மடலைப் படித்தால், உரிமம் புதுப்பிக்கும்போது அலாரத்தின் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புது வீட்டுக்கு வரி போட வரும் ஊழியர் கீசர் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கட்டும். தீயணைப்புத் துறையினர் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் பள்ளிகளுக்குப் போய்ச் செய்து காட்டுகிறார்கள். ஓசூருக்கு மட்டும் அந்த வேலையைக் கார்த்திகையில் ஒரு நாள், லைன் வீடுகள் இருக்கும் தெருக்களில் செய்து கொடுத்தால் உயிர் காக்கும்.

ஆனால் உத்தரவு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாம் வாங்கும் அட்வான்ஸில் அது எத்தனை பங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டாதீர்கள், மின்விசிறி மாட்டிக் கொடுப்பதுபோல் மாட்டிக் கொடுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஐந்து முதல் பத்து வருஷம், மாடலைப் பொறுத்தது. புகை அலாரத்துக்குப் பத்து வருஷம். பச்சை விளக்கு எரிகிறதே என்று அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது.

அந்தப் பெண் இப்போதும் என் மாடியில்தான் இருக்கிறாள். இந்த ஐப்பசி முதல் தேதி ஏணி போட்டு ஏறி ஆறு போர்ஷனிலும் கருவிகளைத் துடைத்து, பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தோம். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஒவ்வொன்றின் பின்பக்கமும் எந்த வருஷம் மாற்ற வேண்டும் என்று மார்க்கரில் எழுதியதும் அவள் கையெழுத்தில்தான். என் வீடு ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் இருக்கிறது. ஏணி திண்ணையிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். மாட்டத் துணை வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், என் மகன் டிரில் மெஷினோடு வருவான்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வீட்டு ஓனர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்